பெயரில் அயல், வினையில் தமிழ்: லெந்துகால நோன்பு வழக்கும் செஞ்சித் திருநாதர்குன்றக் கல்வெட்டும்

ஆய்வுச் சுருக்கம்

உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முன்வரும் நாற்பது நாள் நோன்புக் காலத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலம் என்கின்றனர். ஆங்கிலிக்க மரபில் வளர்ந்த தமிழ்ச் சபைகள் லெந்து என்கின்றன. இக்காலத்திற்குள் வரும் சிறப்பு நாள்களின் பெயர்களைத் தமிழாக்கிக்கொண்ட அச்சபைகள், காலத்தின் பெயரை மட்டும் பெயர்க்காமல் வைத்திருப்பது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. தவம், நோன்பு, விரதம் என்னும் சொற்கள் முன்னரே பொருள் நிறைந்து நின்றமையே அதற்குக் காரணம் என்றும், பெயர் அயலாக நின்றபோதும் வழக்கம் தமிழ் நோன்பு மரபின் இலக்கணத்தையே பின்பற்றியது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இதற்குச் செஞ்சித் திருநாதர்குன்றக் கல்வெட்டின் சொல்லமைப்பு ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: லெந்து, தவக்காலம், நோன்பு, உபவாசம், ஒருசந்தி, அனசனம், பிடியரிசி, செஞ்சி.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியம், கீர்த்தனை, அகராதி, விவிலிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. சபை மக்கள் நாள்தோறும் கையாளும் வழிபாட்டுச் சொற்கள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. அச்சொற்களுள் சில, ஒரு சமயம் ஒரு மொழிக்குள் குடியேறிய வரலாற்றைத் தம்முள் அடக்கியுள்ளன. லெந்து அத்தகைய சொல்லாகும்.

இச்சொல்லை ஆராய்வதற்குச் செஞ்சியைத் தொடக்கமாகக் கொள்வது வியப்பாகத் தோன்றலாம். செஞ்சி ஆங்கிலிக்கப் பணித்தளமாக வளர்ந்த ஊர் அன்று. 1597ஆம் ஆண்டில் சேசு சபைத் துறவியான நிக்கோலாஸ் பிமெந்தா இங்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார் என்பது கிறித்தவத்தோடு இவ்வூருக்குள்ள பழைய தொடர்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நிலப்பகுதியில் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனும், லுத்தரன் மரபினதாகிய டேனிஷ் மிஷனும் பணியாற்றின. ஆயினும் நோன்பு என்னும் செயலைத் தமிழில் எவ்வாறு பெயரிட்டு வழங்கினர் என்பதற்குச் செஞ்சி மிகப் பழைய சான்று ஒன்றைத் தருகிறது. சமணம், சைவம், அம்மன் வழிபாடு, இசுலாம், கிறித்தவம் ஆகியவற்றின் நோன்பு வழக்குகளை ஒரே வட்டாரத்தில் வைத்து ஒப்பிடவும் அது இடம் தருகிறது.

திருநாதர்குன்றம் தரும் சான்று

செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரை ஒட்டியுள்ளது திருநாதர்குன்றம். இருபத்துநான்கு தீர்த்தங்கரரின் உருவங்கள் இங்குப் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. இக்குன்றிலுள்ள தொன்மையான கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் என்னும் சமணத் துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர்துறந்த இடம் இது என்பதைத் தெரிவிக்கிறது. எழுத்தமைதி கொண்டு இதனைக் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததாகக் கருதுவர். இதே குன்றில் வேறொரு துறவி முப்பது நாள் நோற்றதைக் குறிக்கும் கல்வெட்டும் உண்டு.

சந்திரநந்தி கல்வெட்டு உண்ணா நோன்பைக் குறிக்க ‘அனசனம்’ என்னும் வடசொல்லை ஆள்கிறது. உயிர்நீத்த இடத்தை ‘நிசீதிகை’ என்கிறது. இவ்விரண்டும் சமண சமயக் கலைச்சொற்கள். ஆனால் செயலைக் குறிக்கும்போது கல்வெட்டு ‘நோற்ற’ என்னும் தமிழ் வினையையே கொள்கிறது. பெயர் சமயத்தோடு வந்தது; வினை நிலத்தில் இருந்தது. நோல் என்னும் வேர் பொறுத்தலைக் குறிப்பது. நோற்றல், நோன்மை, நோன்பு ஆகியன இதன் வழிவந்தவை. ஆகவே நோன்பு என்பதன் அடிப்படைப் பொருள் பட்டினி அன்று; தாங்கும் ஆற்றலே ஆகும்.

அயற்பெயரும் தமிழ் வினையும் இணைந்த இவ்வமைப்பு பிற சமயங்களிலும் காணப்படுகிறது. செஞ்சிக் கோட்டையில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசல் இவ்வட்டாரத்தின் இசுலாமிய வரலாற்றுக்குச் சான்று. தமிழ் இசுலாமியர் மாதத்தை ரமலான் என அரபுப் பெயரால் வழங்குவர். நோன்பையோ நோன்பு என்றே கூறி, அதைப் ‘பிடித்தல்’, ‘திறத்தல்’ என்னும் தமிழ் வினைகளால் சுட்டுவர். விரதம், உபவாசம் ஆகியவை வடசொற்கள். அவற்றோடு சேர்வது ‘இருத்தல்’ என்னும் தமிழ் வினை. ஒரு நோன்பு தமிழில் வேரூன்றியதா என்பதை அறியப் பெயரைக் காட்டிலும் வினையையும் அவ்வினை நிகழும் முறையையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

லெந்து என்னும் சொல்லின் வடிவம்

ஆங்கிலச் சொல்லின் மூலம் இளவேனிலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லாகும்; பகற்பொழுது நீளத் தொடங்கும் பருவம் என்பது அதன் உட்பொருள். இலத்தீனில் இக்காலம் நாற்பது என்னும் எண்ணால் பெயர்பெற்றது. சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய சனி வரை நாற்பத்தாறு நாள்கள். ஞாயிறு நோன்பு நாள் அன்று ஆதலின் ஆறு ஞாயிறுகளைக் கழிக்க நாற்பது கிடைக்கும். தமிழர் பருவப் பகுப்பில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். வேனிலைக் குறித்த பெயர் தமிழகத்தில் பெரும்பாலும் பின்பனியில் வந்து பொருந்தியது. பெயரின் மூலப்பொருள் தமிழ் மக்களுக்குத் தெரியாமலிருந்ததும் ஒருவகையில் அதற்கு வசதியாயிற்று. பழைய பொருள் எதுவும் ஒட்டாத வெற்றுப் பெயராக அது இங்கு வந்து சேர்ந்தது.

வடிவ நிலையில் இரு செய்திகள் நோக்கத்தக்கன. லகரம் மொழிக்கு முதலில் வாராது. லகர முதல் வடசொற்களுக்கு முன் இகரமும் உகரமும் சேர்வதை நன்னூல் விதிக்கிறது. அவ்விதியை ஒட்டியே மரபு பேணுவோர் ‘இலெந்து’ என எழுதினர். மற்றொன்று இறுதி மெய்யைப் பற்றியது. ஆங்கிலத்தின் நுனியண்ண ஒலி தமிழில் பெரும்பாலும் டகரமாகும். சிமெண்டு, ஏஜெண்டு, பார்லிமெண்டு ஆகியவற்றில் இதனைக் காணலாம். அவ்வழியில் ‘லெண்டு’ என்றே வந்திருத்தல் வேண்டும். ஆனால் லெந்து என்னும் வடிவம் இங்கிலாந்து, ஒல்லாந்து, புரொட்டஸ்தாந்து ஆகியவற்றோடு ஒத்துப் பல்லொலி பெற்றுள்ளது. காதால் கேட்டு ஆங்கிலத்திலிருந்து நேரே பெற்ற பிற்காலச் சொல்லாக இதனைக் கொள்வதற்கு மாறாக, ஐரோப்பிய மிஷனரிமாரின் எழுத்துப்பெயர்ப்பு மரபில் உருவான பழைய அடுக்கைச் சேர்ந்தது எனக் கருத இடமுண்டு. மென்றொடர்க் குற்றியலுகரமாக அமைந்து பந்து, சிந்து போன்ற சொற்களோடு ஒலியளவில் இயைந்தமையால் இது வழக்கில் எளிதாக நிலைபெற்றது.

பெயர்க்கப்பட்ட நாள்களும் பெயர்க்கப்படாத காலமும்

ஆங்கிலிக்க சபைகளின் வழக்கில் சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பரிசுத்த வாரம், பெரிய வியாழன், பெரிய வெள்ளி ஆகிய அனைத்தும் தமிழ் வழக்கிற்கு ஏற்ற பெயர்களாக அமைந்துள்ளன. ‘குருத்தோலை’ என்பது சொல்லுக்குச் சொல் செய்த பெயர்ப்பும் அன்று. பேரீந்தின் ஓலை, இங்குக் கிடைக்கும் தென்னை, பனைக் குருத்தாக மாறியது. மங்கல நிகழ்வுகளில் குருத்தோலைத் தோரணம் கட்டும் மண்ணில் அச்சொல் உடனே பொருந்தியது. ‘பாடுகள்’ என்னும் சொல்லும் அவ்வாறே. படு என்னும் வினையினின்று பிறந்து துன்பம், உழைப்பு ஆகிய இரண்டையும் சுட்டும் இச்சொல், இயேசுவின் துன்பத்தைப் பாடுபட்டு வாழும் மக்களின் அனுபவத்தோடு இணைத்தது.

இத்துணை ஆற்றலோடு சொல்லாக்கம் செய்தோர் காலத்தின் பெயருக்குச் சொல் இல்லாமல் அதை விட்டுவிட்டனர் என்று கூற இயலாது. சொற்கள் மிகுதியாக இருந்தமையே இடர்ப்பாடாக இருந்தது. தவம் என்றால் தன் முயற்சியால் பேறு அடைதல் என்னும் கருத்து உடன்வரும். இலத்தீன் விவிலியத்தின் ஒரு தொடரைத் தவமுயற்சி செய்யுங்கள் எனக் கொள்வதா, மனந்திரும்புங்கள் எனக் கொள்வதா என்பது ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தின் அடிப்படைப் பூசல்களுள் ஒன்று. 1517இல் மார்ட்டின் லூதர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளின் தொடக்கமே இதனைப் பற்றியதுதான். அப்பூசலின் தமிழ்த் தொடர்ச்சியைச் சொற்றேர்வில் காணலாம். கத்தோலிக்கர் தபசு காலம், தவக்காலம் என்றனர். உண்ணா நோன்பை ஒருசந்தி என்றும் புலால் தவிர்த்தலைச் சுத்தபோசனம் என்றும் முன்னிருந்த சொற்களால் வழங்கினர். சீர்திருத்த மரபினரோ மனந்திரும்புதல், உபவாசம் என்னும் சொற்களைத் தேர்ந்தனர். சீர்திருத்த மரபின் தமிழ் விவிலியம் உபவாசம் என்னும் இடத்தில் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நோன்பு என்பதைக் கொள்வது இவ்வேறுபாட்டின் தொடர்ச்சியாகும்.

எனவே லெந்து என்னும் பெயர் பெயர்க்கப்படாமல் நின்றது கவனக்குறைவால் அன்று. தவம் என்னும் சொல்லின் நிறைவைக் கண்டு ஒதுங்கி நின்றதன் விளைவு அது. எனினும் தமிழ் மரபு தவத்தை உடலை ஒறுத்துப் பேறு ஈட்டுவதாக மட்டும் கொண்டதில்லை. திருக்குறளின் தவம் என்னும் அதிகாரம், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையுமே தவத்தின் வடிவமாகத் தொடக்கத்தில் வரையறுக்கிறது. ஒதுக்கப்பட்ட சொல்லுக்குள் ஏற்கத்தக்க பொருளும் இருந்தது என்பதை இவ்விடத்தில் குறிப்பிடுதல் வேண்டும்.

சாம்பல் இல்லாத சாம்பல் புதன்

1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கப் பொது ஜெபப் புத்தகம் லெந்தின் நாற்பது நாள்களையும் உபவாச நாள் பட்டியலில் சேர்த்துள்ளது. சாம்பல் புதனுக்குரிய சுருக்க ஜெபத்தைக் காலம் முழுவதும் நாள்தோறும் சொல்லுமாறு விதிக்கிறது. அந்நாளுக்கென அது தரும் ஒழுங்கில் பாவிகளுக்கு எதிரான தேவகோபத்தை அறிவிக்கும் வாசகங்களும் அவற்றுக்கு மக்கள் கூறும் ஆமென் என்னும் மறுமொழியும் ஐம்பத்தொன்றாம் சங்கீதமும் இடம்பெறுகின்றன. நெற்றியில் சாம்பல் இடும் சடங்கு அதில் இல்லை. இங்கிலாந்தில் 1548இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. பெயரில் சாம்பல் இருந்தது, கையில் இல்லை.

யோவான் பேதுரு ரொட்லர் (1749–1836) முதலியோர் இந்நூலைத் தமிழாக்கியபோது இவ்வெறுமையும் உடன்வந்தது. தமிழ்நாட்டில் அது புதிய பொருள் பெற்றது. நெற்றியில் நீறு அணிதல் சைவ அடையாளமாக விளங்கும் நாட்டில், அதை விட்டு வந்தோருக்கு மீண்டும் சாம்பல் இடாமை ஒரு வேறுபாட்டுக் குறியாகவும் அமைந்திருத்தல் கூடும். இங்கிலாந்தில் உரோமைச் சடங்கை விலக்கியதன் அடையாளமாக இருந்த ஒன்று, தமிழகத்தில் திருநீற்றினின்று விலகியதன் அடையாளமாகவும் பொருள்கொள்ள இடம் தந்தது.

இவ்விடத்தில் காலக் கணிப்பு ஒன்றையும் கருதலாம். திருச்சபைக் கணக்கில், உயிர்த்தெழுதல் திருநாள் மார்ச் 21ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. சாம்பல் புதன் அதற்கு நாற்பத்தாறு நாள் முன்னது. எனவே அம்முழுநிலவுக்கு முப்பத்தொன்பது முதல் நாற்பத்தைந்து நாள்களுக்கு முன் அமையும். அம்முழுநிலவினின்று ஏறத்தாழ நாற்பத்துநான்கு நாள் பின்னோக்கினால் ஓர் அமாவாசை வரும். ஆகவே சாம்பல் புதன் எப்போதும் ஓர் அமாவாசையை ஒட்டியோ அதற்குப் பிந்திய சில நாள்களுக்குள்ளோ அமைகிறது. பல ஆண்டுகளில் அது மகாசிவராத்திரியை அடுத்த மாசி அமாவாசை; சில ஆண்டுகளில் தை அமாவாசை. 2022இல் சிவராத்திரி மார்ச் 1, சாம்பல் புதன் மார்ச் 2. 2023இல் முறையே பிப்ரவரி 18, 22.

செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை நிகழும். சுடுகாட்டையும் சாம்பலையும் நினைவூட்டும் விழாவும், மனிதன் மண்ணே என நினைவூட்டும் சாம்பல் புதனும் பல ஆண்டுகளில் ஒரு கிழமைக்குள் வருகின்றன. ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியதென்று கூறுவதற்கில்லை. இரண்டும் நிலவைக் கொண்டு காலம் கணித்தமையே இவ்வொருமைக்குக் காரணம். ஆயினும் ஓர் ஊரின் மக்கள் இவ்விரண்டையும் ஒரே பருவத்தில் காண்கின்றனர் என்பது சமூக நிலையில் கருதத்தக்கது.

நூல் சொல்லாததை மக்கள் நிரப்பியமை

பொது ஜெபப் புத்தகம் உபவாசத்துக்குரிய நாள்களைக் கூறுகிறது. எதனை உண்ணலாம், எதனை விடவேண்டும் எனப் பட்டியலிடவில்லை. இவ்விடைவெளியே தமிழ்ச் சபை வாழ்க்கை நுழைந்த வாயில். தென்மாவட்டச் சபைகளில் லெந்து நாள்களில் புலால் தவிர்த்தல், திருமணம் முதலிய மங்கல நிகழ்வுகளை ஒத்திவைத்தல், ஆலயத்தில் மலர் அலங்காரத்தைக் குறைத்தல், வீடுதோறும் மாலை ஜெபக்கூட்டம் நடத்துதல், பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானித்தல் ஆகியவை அறியப்பட்ட வழக்கங்கள். திருமண விலக்கும் அலங்காரக் குறைப்பும் மேலைத் திருச்சபையிலும் பழமையானவை. ஆனால் குடும்பம் முழுவதும் ஒன்றாக ஏற்று, அடுக்களையையே நோன்பின் களமாக மாற்றும் முறை தமிழ் விரத ஒழுங்கோடு நெருங்கியது.

மலர் பற்றிய செய்தி தனியே நோக்கத்தக்கது. 1820களில் தஞ்சையில் புதிய மிஷனரிமார், திருமணத்திலும் அடக்கத்திலும் மலரைப் பயன்படுத்துவதையும் வழிபாட்டில் தமிழ் இசையையும் தடுக்க முற்பட்டபோது வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கடுமையாக எதிர்த்தார். சாதி வேறுபாட்டைச் சபைக்குள் காக்கும் நிலைப்பாடும் அவ்வெதிர்ப்போடு கலந்திருந்தது என்பதை மறைத்தற்கில்லை. எனினும் மலரைப் பொறுத்தவரை அவரது வாதம் சிந்திக்கத்தக்கது. பிறர் விதித்த தடை மலரைப் பறிக்கும். நோன்போ தன்னிடமுள்ள மலரைத் தானே சில நாள் விடுவது. உடைமை இருந்தால்தான் துறவுக்குப் பொருள் உண்டு. லெந்தில் மலரைத் தவிர்த்து உயிர்த்தெழுதல் நாளில் மீண்டும் கொள்ளும் சபை, தடைக்கும் நோன்புக்கும் உள்ள வேறுபாட்டைச் செயலால் காட்டுகிறது.

அதே தஞ்சையில் 1826 மார்ச் 26, உயிர்த்தெழுதல் ஞாயிறன்று கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஹீபர் காலையில் ஆங்கிலத்தில் அருளுரை ஆற்றி, மாலைத் தமிழ் வழிபாட்டில் ஆசியுரையைத் தமிழில் கூறினார். ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் அவர் மறைந்தார். நோன்புக் காலத்தின் நிறைவில் ஆயரே தமிழில் வாய்திறக்க வேண்டியிருந்தது என்பது, வழிபாட்டின் மொழி எங்கு நிலைகொண்டிருந்தது என்பதைக் காட்டும் சிறு சான்று.

பிடியரிசியும் நோன்பின் பயனும்

தமிழ்ச் சபைகளின் பெண்கள் சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே இட்டுவைத்துச் சபைக்குப் படைப்பது பிடியரிசிக் காணிக்கை. ஆண்டு முழுவதும் நிகழும் இவ்வழக்கம் லெந்தில் சிறப்பான பொருள் பெறுகிறது. உண்ணாது விட்ட உணவின் மதிப்பைச் சேமித்து ஏழையருக்கும் ஊழியத்துக்கும் அளிக்கும் லெந்துக் காணிக்கை இதன் விரிவே.

ஏசாயா நூலின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம், பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதே கடவுள் விரும்பும் உபவாசம் என்கிறது. திருக்குறளின் ஈகை அதிகாரம், பசியைப் பொறுக்கும் நோன்பாளரின் ஆற்றலும் பிறர் பசியை நீக்குவோரின் ஆற்றலுக்குப் பின்னதே என வரிசைப்படுத்துகிறது. இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடம் அடுக்களையிலுள்ள அரிசிப் பானை. இறையியல் விவாதம் தவத்தை ஐயுற்றுக்கொண்டிருந்தபோது, பெண்கள் நோன்பின் பயனைப் பேறாகக் கணக்கிடாமல் பிறர் உணவாக மாற்றினர். எழுத்தில் இடம்பெறாத இவ்வுழைப்பைச் சேர்க்காமல் லெந்தின் தமிழ் வரலாறு நிறைவுறாது.

ஒன்றிப்புக்குப் பின்

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கரோடு மெதடிஸ்ட் சபையினரும், 1908இல் ஒன்றிணைந்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் அதில் சேர்ந்தனர். ஆர்க்காடு மிஷன் சபைகள் அவ்வைக்கிய சபையின் வழியே வந்தவை. அவற்றின் சீர்திருத்த மரபில் லெந்து கட்டாய ஒழுங்காக இருந்ததில்லை. திருச்சபையின் பொது நாள்காட்டியும் 1963இல் வெளிவந்த பொது வழிபாட்டு நூலும் அம்மரபினருக்கும் லெந்தை உரியதாக்கின. இவ்வகையில் வட தமிழகச் சபைகள் லெந்து என்னும் சொல்லை ஆங்கிலிக்க மிஷனிடமிருந்து நேரே பெறாமல் தமிழ்ச் சபைகளின் ஒன்றிப்பு வழியே பெற்றன எனலாம். அவர்களைப் பொறுத்தவரை அது இங்கிலாந்திலிருந்து வந்த சொல்லாக இருப்பதைவிடத் தெற்கிலிருந்து வந்த சொல்லாகும்.

இன்று சபைகளிடை நல்லுறவின் பயனாகத் தவக்காலம் என்னும் சொல் சீர்திருத்த மரபுச் சபைகளிலும் வழங்குகிறது. தமிழ்ச்சொல் என்பதால் அதை வரவேற்பதில் தடையில்லை. ஆனால் லெந்து என்பதை அயற்சொல் என்று மட்டும் கருதிக் களைவது, அச்சொல்லைச் சுற்றி வளர்ந்த வழக்க வரலாற்றையும் களைவதாகும். தவக்காலம் ஒரு மரபின் துணிவையும் லெந்து மற்றொரு மரபின் தயக்கத்தையும் பதிவுசெய்துள்ளன. அகராதிகள் இரண்டையும் உரிய விளக்கத்தோடு ஏற்றல் வேண்டும்.

முடிவுரை

லெந்து என்னும் பெயர் பெயர்க்கப்படாமைக்குத் தமிழில் நிகரான சொல் இல்லாமை காரணம் அன்று. நிகரான சொற்கள் பொருள் நிறைந்து நின்றமையே காரணம். சொல்லின் ஒலிவடிவம் பழைய மிஷனரி எழுத்துமரபைச் சுட்டுகிறது. ஜெபப் புத்தகம் விட்ட இடைவெளியைப் புலால் விடுதல், மலர் துறத்தல், பிடியரிசி படைத்தல் ஆகிய வழக்கங்களால் தமிழ்ச் சபைகள் நிரப்பின.

சந்திரநந்தியின் கல்வெட்டு அனசனம் என்னும் அயற்பெயரை நோற்ற என்னும் தமிழ் வினையால் ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழப் பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதே அமைப்பு இயங்குகிறது. எனவே ஒரு சமய வழக்கம் தமிழ்மயமானதா என மதிப்பிடும் ஆய்வுகள் பெயர்ச்சொற்களின் பிறப்பை மட்டும் அளவாகக் கொள்ளாமல், அவற்றோடு சேரும் வினைகளையும் அவ்வினைகளைச் செய்யும் மக்களையும் சேர்த்து நோக்குதல் தகும். சமண, இசுலாமிய, கத்தோலிக்க, சீர்திருத்த மரபுகளின் நோன்புச் சொற்களை வட்டார அடிப்படையில் தொகுத்தால் தமிழ்ச் சமயச் சொல்லாக்க வரலாற்றுக்கு அது நல்ல அடித்தளமாகும்.